பச்சோந்தி தந்த மனசு

அந்தக் காலத்தில், பச்சோந்தியும் பாம்பும் வேலியோரம் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கு ஒரு மனசுதான். சிரிப்போடு பிறந்தவர் சாகும்வரை சிரிப்பார். கோபத்தோடு பிறந்தவர் தூக்கத்திலும் முறைப்பார்.

உலகாயி சிரிப்போடு பிறந்தவள். அவள் கணவன் வீரணன் கோபத்தோடு பிறந்தவன். "தின்னுத் தொலை! இளைச்சுப் போயிட்ட!" என்று மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் தள்ளுவான். அவளும் சிரித்துக்கொண்டே தின்பாள். குடித்தனம் நன்றாகவே நடந்தது.

ஒருநாள் அவர்கள் மகள் சின்னிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. உலகாயி ஈரத்துணியோடு குனிந்தாள். உள்ளே என்னவோ முட்டியது, வாயோ சிரித்தது.

"எனக்கு வலிக்குது. நீ சிரிக்கிறியேம்மா," என்று சின்னி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உலகாயி வேலிக்கு ஓடினாள். அங்கே பச்சோந்தி இருந்தது. அப்போதெல்லாம் அதற்கு மட்டும்தான் நிறத்துக்கு நிறம் மனசும் மாறும். பச்சையானால் குதூகலிக்கும், பழுப்பானால் அழும், கறுத்துவிட்டால் கிட்டேயே போக முடியாது.

"எனக்கும் கொஞ்சம் குடு. எம்புள்ளைக்காக ஒரு தடவையாவது அழணும்," என்றாள், சிரித்தபடியே.

"முழுசாவே எடுத்துக்கோ தாயி. நாளெல்லாம் மாறி மாறி எனக்கும் அலுத்துப்போச்சு. நிறத்தை மட்டும் கேக்காதே. அது இல்லாட்டி பருந்து தூக்கிட்டுப் போயிடும். அப்புறம், வாங்கினதைத் திருப்பித் தர முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் யோசிக்கவில்லை, கையை நீட்டினாள். பச்சோந்தி நீண்ட நாக்கால் உள்ளங்கையைத் தொட்டது.

வீடு போய்ச் சேருமுன்பே கண் நிறைந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். சின்னி திரும்பி, அம்மாவின் கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அந்த மடியிலேயே தூங்கிப்போனாள்.

விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. உலகாயி பாடினாள். கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தபோது கத்தினாள். சாயங்காலம் காரணமே இல்லாமல் வாசலில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"காலையில பாடின, மத்தியானம் கத்தின, இப்ப இப்படி உக்காந்திருக்க! என்னடி ஆச்சு உனக்கு?" என்று வீரணன் உறுமினான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். உள்ளங்கை வழியே அந்த மாறும் மனசு அவனுக்குள்ளும் போயிற்று. பிறந்ததிலிருந்து முறைத்த முகம் மெல்ல இளகியது. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லு, உலகா," என்றான், மெதுவாக.

அப்படியே கைக்குக் கை ஊரெல்லாம் பரவிவிட்டது. பச்சோந்தி நிறம் மாறினாலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருப்பது அன்று முதல்தான். நமக்கோ மனசு நாளெல்லாம் மாறுகிறது, வெளியே நிறம் தெரிவதில்லை. அதனால்தான் வீட்டுக்குள் நுழைபவரைப் பார்த்து, "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று யாராவது கேட்க வேண்டியிருக்கிறது.