தண்டபாணி கேட்ட ஸ்பானியச் சொல்

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு காற்றாலை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தாள் சுடர்க்கொடி. ஸ்பானிய மொழி தெரிந்தவள். ஆனால் மேலாளர் தண்டபாணி அவளைக் காபி வாங்க அனுப்பியதோடு சரி.

ஸ்பெயினிலிருந்து முதலாளியம்மா கார்மென் வந்த அன்று, எல்லார் முன்னாலும் சுடர்க்கொடியை மடக்கப் பார்த்தார் தண்டபாணி.

“புதுசா சேர்ந்த உன்னை ஸ்பானியத்துல என்னன்னு சொல்லணும்? தப்பாச் சொன்னா வீட்டுக்குப் போயிடலாம்.”

சுடர்க்கொடி பதறவில்லை.

“மூணு வார்த்தை இருக்கு சார். கேலி பண்ண மட்டும் வச்சிருந்தா ‘நோவாத்தா’. கன்னியர் மடத்துல புதுசா சேர்த்திருந்தா ‘நோவிசியா’. தொழில் கத்துக்கொடுத்தா ‘அப்ரெந்திஸ்’. நீங்க என்னை எதுக்கு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, நான் வார்த்தையைச் சொல்லிடறேன்.”

என்ன பேச்சு என்று கார்மென் கேட்க, அவள் அப்படியே ஸ்பானியத்தில் சொன்னாள். கார்மென் சிரித்தபடி தண்டபாணியைப் பார்த்தார்.

“அப்ரெந்திஸ்தான்” என்று முனகினார் தண்டபாணி.

“அப்படியென்றால் இன்றே கற்றுக்கொடுங்கள்” என்றார் கார்மென். சுடர்க்கொடி அதையும் மரியாதையாக மொழிபெயர்த்தாள்.

மத்தியானம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு காற்றாலைக் கோபுரத்தில் உற்சாகமாக ஏறினாள். அவளுக்கு முன்னால், மூச்சிரைக்க, தண்டபாணி ஏறிக்கொண்டிருந்தார்.