மரத்த கை

கிராமத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு மயக்க மருந்துப் படிப்புக்கு வந்தவர் டாக்டர் தணிகாசலம். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டாக்டர் மெஹருன்னிசா வயதில் அவரைவிடச் சின்னவர்.

முந்தின நாள் சாயங்காலம், பவளக்கொடி என்ற செங்கல் சூளைக்காரிக்கு முன்கை எலும்பில் ஆபரேஷன். லாரியிலிருந்து விழுந்திருந்தாள். கழுத்தோரம் காறை எலும்புக்கு மேலே ஊசி போட்டு அவள் கையை மரத்துப்போக வைத்தது தணிகாசலம்தான். மரக்க வைக்கிற மருந்தோடு கொஞ்சம் ஸ்டீராய்டும் கலந்திருந்தார். கலந்தால் மரப்பு ரொம்ப நேரம் நிற்கும்.

நின்றது. விடிந்த பிறகும் வலியில்லாமல் படுத்திருந்தாள். ராத்திரி முழுக்க வேறு ஆபரேஷன்களில் நின்று கால் கடுத்துப்போயிருந்த தணிகாசலத்துக்கு, அவளைப் பார்த்ததும் அப்பாடா என்றிருந்தது.

ரவுண்ட்ஸ் வந்த மெஹருன்னிசாவிடம் கேட்டார்.

"ஸ்டீராய்டு இவ்வளவு நல்லா வேலை செய்யுதே மேடம். நீங்க ஏன் இதை எல்லாருக்கும் சேர்க்கிறதில்லை?"

மெஹருன்னிசாவுக்கும் தூக்கமில்லை. கண் சிவந்திருந்தது. நேரே கட்டிலருகே போனார்.

"வலிக்குதாம்மா?"

"இல்லீங்க. கையே இல்லாத மாதிரி இருக்கு. சார் புண்ணியத்துல நல்லாத் தூங்கினேன்."

மெஹருன்னிசா மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். பிறகு தணிகாசலத்தின் கையைப் பிடித்து அந்த விரல்மேல் வைத்தார்.

ஜில்லென்றிருந்தது. வீங்கி வெளுத்திருந்தது. அழுத்திய இடத்தில் ரத்தம் திரும்பி வரவில்லை.

தகவல் போனதும் எலும்பு டாக்டர் ஓடி வந்து, இறுகிப்போயிருந்த கட்டை வெட்டிப் பிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகக்கண்ணில் சிவப்பு ஏறியது.

"தப்பிச்சுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கை போயிருக்கும்" என்று சன்னமாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

"என்னங்க சார் ஆச்சு? எனக்கு ஒண்ணுமே வலிக்கலையே" என்றாள் பவளக்கொடி.

தணிகாசலம் மெஹருன்னிசாவை வாசல்வரை கூட்டிப்போய்க் கேட்டார்.

"இனிமே ஸ்டீராய்டைச் சேர்க்கவே கூடாதா மேடம்?"

"சேருங்க. ராத்திரி அந்த விரலை யார் தொட்டுப் பார்த்தது?"

"நான் ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தேன். நர்ஸ்கிட்டயும் சொல்லலை." கொஞ்சம் தயங்கினார். "அந்தம்மாவும் யாரையும் கூப்பிடலையே மேடம்."

மெஹருன்னிசா களைப்போடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வலியே தெரியாதப்ப எதை வெச்சுக் கூப்பிடுவாங்க, சார்?"