கலங்கிய நாளின் புள்ளி

“கடலுக்குள்ள இறங்கிப் புல்லை எண்ணுததா, உக்காந்து இவங்க ஃபாரத்தை நெறப்புததா, நீங்களே சொல்லுங்க டீச்சர்!”

வந்ததும் வராததுமாகக் கேட்டார் செய்யது இபுறாகீம்.

வயது நாற்பத்தாறு. கல்லூரி வேலையை உதறிவிட்டுக் கடல்புல் ஆராய்ச்சிக்கு வந்தவர். பேராசிரியர் பிலோமினா என்று ஊரே சொன்னாலும் இவருக்கு அவர் டீச்சர்தான். அவரிடம் வந்து சேர்ந்து பதினோரு வருஷமாகியும், எதுவென்றாலும் டீச்சரிடம் ஓடிவந்து புலம்பும் பழக்கம் போகவில்லை.

டீச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். தலையில் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். முடி இப்போதுதான் முளைத்து வருகிறது.

“என்ன கேக்காங்க?”

“ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குத ஆபீஸ்காரங்கதான் டீச்சர். எடுத்த தகவலையெல்லாம் எங்க வைப்பீங்க, எப்படிக் காப்பாத்துவீங்க, யாருக்குக் குடுப்பீங்கன்னு திட்டம் எழுதணுமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலைன்னா அடுத்த மூணு வருஷத்துக்குப் படகு கிடையாது.”

“நீ என்ன எழுதுன?”

இபுறாகீம் வாசித்தார்.

எங்கே வைப்பீர்கள்? என் கம்ப்யூட்டரில்.

குறியீடுகளுக்கு விளக்கம்? தேவையில்லை, எனக்குத் தெரியும்.

யாருடன் பகிர்வீர்கள்? அந்த இடத்தில் கோடு போட்டிருந்தார்.

“கோடு எதுக்கு?”

“பதினோரு வருஷம் உப்புத்தண்ணியில ஊறியிருக்கேன் டீச்சர். எவனோ ஏசி ரூம்ல உக்காந்து அள்ளிட்டுப் போறதுக்கா?”

டீச்சர் சிரித்தார். அவர் நேராகப் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. எதையாவது காட்டுவார், எதையாவது கேட்பார். வந்தவர் வீட்டுக்குப் போய் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைக்கும் மேசையைக் காட்டினார். பழைய நோட்டு ஒன்று கிடந்தது. டீச்சர் தனியாளாகக் கடலில் இறங்கிய காலத்தில் எழுதியது. இபுறாகீமின் ஆராய்ச்சி அதன் தொடர்ச்சிதான்.

“பிரி.”

பிரித்தார். இடம், தேதி, ஒரு சதுர மீட்டரில் எத்தனை புல். நடுநடுவே சில கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக ஒரு புள்ளி.

டீச்சர் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

“இது என்னது?”

இபுறாகீமுக்குச் சிரிப்பு வந்தது. ஆரம்பித்துவிட்டார் விடுகதையை.

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான டீச்சர். நானும் அதைத்தான் போடுதேன்.”

“அதான், என்னது?”

“எங்கிட்டயே பரீட்சையா?”

“புல்லு இல்லைன்னு அர்த்தமா?”

இபுறாகீம் அவர் முகத்தையே பார்த்தார். கடைசியில் ஒரு குறும்புச் சிரிப்பு வருமே, அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

“நாலு நாளா பாக்கேன்,” என்றார் டீச்சர். “என் கையெழுத்துதான். ஏதோ யோசிச்சுத்தான் வச்சிருக்கேன். என்னன்னுதான் பிடிபடல. புல்லு இல்லைன்னு வச்சுக்கிட்டா, இந்தத் தீவுப் பக்கம் ஒரே வருஷத்துல எட்டுத் தடவை அழிஞ்சு, எட்டுத் தடவை முளைச்சிருக்கணும். அப்படி நடக்குமா?”

இது விடுகதை இல்லை என்று இபுறாகீமுக்கு உறைத்தது. இந்தப் புள்ளிக்கு அர்த்தம் தெரிந்த இன்னொரு ஆளை மனசுக்குள் தேடினார். அப்படி யாருமே இல்லை.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஃபாரத்தில் ‘தேவையில்லை, எனக்குத் தெரியும்’ என்பதை அடித்தார். பக்கத்தில் பெரிய எழுத்தில், நிறுத்தி நிறுத்தி எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்.

“புள்ளி இருந்தால் புல் இல்லை என்று பொருள் அல்ல. அன்று கடல் கலங்கியிருந்தது. இறங்கினோம், பார்க்க முடியவில்லை.”

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ புல்லு இருந்திருக்கும்?”

“இருந்திருக்கும் டீச்சர்.”

“இன்னொரு தடவை வாசி.”

வாசித்தார்.

டீச்சர் கையை நீட்டினார்.

“எழுதுனதுல எனக்கு ஒரு காப்பி குடு.”