வாயைத் திறந்தால் சிறை

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினாலும் அதை ஓலையில் எழுதி வைத்த காலத்தில், ஒரு நாட்டை மாறவேலர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். எழுதிய ஓலைகளையெல்லாம் கட்டுக் கட்டாக அடுக்க ஒரு மண்டபம் இருந்தது. அதற்குத் தேக்கு மரத்தில் பெரிய கதவு. கதவுக்கு முன்னால், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓலைநாயகம் ஆனந்தபாலர் உட்கார்ந்திருப்பார். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: அரச இரகசியம்.

ஆடிப் பெருக்கு நெருங்கிய சமயம், உலகம்மை என்ற பெண் அரசவைக்கு வந்தாள். அவள் பாட்டனார் மாடக்கண்ணு, பெரிய ஏரியின் மடையைத் திறந்து மூடும் மடைக்காரர். மன்னரின் பாட்டனார் காலத்தில் வந்த வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்து கீழ்க்கரை ஊர்கள் மூழ்கின. கரையை வெட்டியது மாடக்கண்ணுதான் என்று சொல்லி அவரை நாடு கடத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடிப் பெருக்கிலும் மடையைத் திறக்கும் முன் முரசறைபவன் கூவுவான்: "கரை வெட்டிய மாடக்கண்ணுவின் குடும்பம் விலகி நிற்கட்டும்." அவர்கள் விலகி நிற்பார்கள். ஊர் வயலுக்கெல்லாம் பாய்ந்த பிறகு மிஞ்சினால்தான் அவர்கள் வயலுக்குத் தண்ணீர்.

"அந்த வருசத்து ஓலையை ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க சாமி. எங்க தாத்தா வெட்டினது நெசம்னா தலையைக் குனிஞ்சுக்கிறோம். இல்லைன்னா அந்தக் கூவலை நிறுத்துங்க. என் பேரப்பிள்ளை இப்பத்தான் காது கேட்டுப் புரிஞ்சுக்கிற வயசு" என்றாள் உலகம்மை.

ஆனந்தபாலர் வழக்கமான பதிலைச் சொன்னார். அவையில் விகடம் செய்யும் சாத்தையன் எழுந்து, அப்படி என்ன இரகசியம் என்று பணிவாகக் கேட்டான்.

"அது எனக்கே தெரியாது. அவ்வளவு பெரிய இரகசியம்" என்றார் ஆனந்தபாலர், கம்பீரமாக.

சபை சிரித்தது. ஆனந்தபாலருக்கு முகம் கறுத்தது. அன்று மாலையே மன்னரின் காதில் ஓதினார்: அரண்மனைச் செய்திகள் தெருவில் நடமாடுகின்றன, இதற்கு ஒரு காவலர் வேண்டும், சாத்தையனைவிடக் கெட்டிக்காரர் யார்?

மன்னருக்கு யோசனை பிடித்துவிட்டது. மறுநாள் ஆணை பிறந்தது. "ஓலை மண்டபத்தில் உள்ள ஒரு செய்திகூட இந்நாட்டில் எவர் வாயிலும் வரலாகாது. வந்தால், சாத்தையா, உன் தலை போகும். நீயும் அந்த ஓலைகளைப் பார்க்கலாகாது."

ஆனந்தபாலர் மீசையைத் தடவிக்கொண்டார். சாத்தையனோ வணங்கிவிட்டு, நாலு வீரர்களோடு நேரே சந்தைக்குப் போனான்.

போன வருடத்தைவிட இந்த வருடம் பூசணி சிறுத்துவிட்டது என்று காய்க்காரி ஒருத்தி அலுத்துக்கொண்டாள். பிடித்து உள்ளே போட்டான். நாளை அமாவாசை என்ற சோதிடரையும், நாளை இல்லை மறுநாள் என்று அவரோடு மல்லுக்கு நின்றவரையும் சேர்த்தே பிடித்தான். குழந்தைக்குக் கதை சொன்னவள், மாட்டுக்கு விலை சொன்னவன், எல்லாரும் உள்ளே. வேடிக்கை பார்க்க வந்த ஆனந்தபாலர், காலையிலிருந்து வயிறு சரியில்லை என்று யாரிடமோ முனகினார். அவரும் உள்ளே.

மறுநாள் மன்னருக்கு மதிய உணவு வரவில்லை. விசாரித்தால், குழம்பில் உப்புப் போதாது என்று சொன்னதற்காகச் சமையற்காரர் சிறையில் இருந்தார். பசியோடு இருக்கும் மன்னர் எப்படிப் பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாத்தையனை இழுத்து வரச் சொன்னார். சிறையிலிருந்து ஆனந்தபாலரும் வந்து சேர்ந்தார்.

"மன்னர் பெருமானே, ஓலையில் உள்ள செய்தி எவர் வாயிலும் வரலாகாது என்பது ஆணை. ஓலையில் என்ன செய்தி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பூசணியைப் பற்றி இருக்கலாம், உப்பைப் பற்றியும் இருக்கலாம். தெரியாத ஒன்றைக் காக்க வேண்டுமானால் எல்லா வாயையும்தான் மூட வேண்டியிருக்கிறது" என்றான் சாத்தையன்.

மன்னர் ஆனந்தபாலரைப் பார்த்தார். எது இரகசியம், எது இல்லை என்று பிரித்துக் கொடுக்கும்படி சொன்னார். இதுவரை யாரும் கட்டைப் பிரித்ததில்லை என்று ஆனந்தபாலர் இழுத்தார். அப்படியானால் இத்தனை காலம் எதைக் காத்தீர் என்று கேட்டுவிட்டு மன்னரே மண்டபத்துக்கு நடந்தார்.

கதவு திறந்தது. பாதி ஓலை கறையானுக்குப் போயிருந்தது. மீதியில், குதிரைக்கு இருமல் மருந்து. பாட்டனாரின் பாட்டனார் யானையிலிருந்து விழுந்த விவரம். நெய்யப்பத்துக்கு ராணிகள் இருவர் போட்ட சண்டை. மன்னர் பசியை மறந்து சிரித்தார்.

அடுத்த கட்டு, வெள்ளம் வந்த ஆண்டு. அதைப் படிக்கும்போது அவர் சிரிப்பு நின்றது.

அரண்மனைத் தோட்டத்தில் கலியாணப் பந்தல் போட்டிருந்த நேரம் அது. பந்தலுக்குள் வெள்ளம் வராமல் இருக்கக் கீழ்க்கரையை வெட்டச் சொன்னவர் மன்னரின் பாட்டனார். ஊர்கள் மூழ்கும், வெட்ட மாட்டேன் என்று மறுத்தவர் மாடக்கண்ணு. பிறகு வீரர்கள் வெட்டினார்கள். எழுத்தர் எல்லாவற்றையும் அப்படியே எழுதியிருந்தார்.

மன்னருக்குச் சின்ன வயதில் யானைமேல் இருந்து பார்த்த ஆடிப் பெருக்குகள் நினைவுக்கு வந்தன. விலகி நின்ற அந்தக் குடும்பத்தைப் பார்த்து அவரும் கை கொட்டியிருக்கிறார்.

ஆனந்தபாலர் எட்டிப் படித்துவிட்டு, இதுதான் மெய்யான இரகசியம், தீயில் போட்டுவிடலாம் என்று கிசுகிசுத்தார்.

"நீ என்ன சொல்கிறாய்?" என்று ஓலையைச் சாத்தையனிடம் காட்டிக் கேட்டார் மன்னர்.

"காக்கச் சொன்னால் காக்கிறேன், பெருமானே. ஆனால் கரை வெட்டிய செய்தி இந்த ஓலையில் இருக்கிறதே. அதை ஆண்டுதோறும் ஊரறிய, அதுவும் தவறாக, முரசறைபவன் கூவுகிறான். அவனைப் பிடிக்க வேண்டும். அவனைக் கூவச் சொன்னவரையும் பிடிக்க வேண்டும். கூவச் சொல்லி முத்திரை இடுவது தாங்கள். எந்தச் சிறையில் வசதி என்று சொன்னால் சுத்தம் செய்து வைப்பேன்."

மன்னர் ஓலையை மடியில் கட்டிக்கொண்டார். சிறையில் இருந்தவர்களை விடச் சொன்னார், சமையற்காரரை முதலில்.

ஆடிப் பெருக்கன்று ஏரிக்கரையில் மன்னரே அந்த ஓலையைப் படித்தார். பாட்டனார் பெயர் வந்த இடத்திலும் நிறுத்தவில்லை. முரசு முழங்கியது. "கரை காத்த மாடக்கண்ணுவின் குடும்பம் முன்னே வரட்டும்."

உலகம்மை அசையவில்லை. என்ன தாயே என்று மன்னர் கேட்டார்.

"விலகி விலகியே பழகிப்போச்சு சாமி. முன்னால எங்க நிக்கணும்னு தெரியல."

மன்னர் தாம் நின்ற இடத்தை விட்டு விலகி நின்றார். அவள் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து மடையைத் திறந்தாள்.

சாத்தையனுக்கு என்ன பரிசு வேண்டும் என்று மன்னர் கேட்டார். மண்டபத்துக் கதவு வேண்டும், நல்ல தேக்கு, கட்டில் செய்துகொள்கிறேன் என்றான். மன்னர் வயிறு குலுங்கச் சிரித்து, கதவோடு கட்டிலுக்குப் பட்டு மெத்தையும் கொடுத்தனுப்பினார்.

கதவில்லாத மண்டபத்தில் ஆனந்தபாலருக்குப் புது வேலை. யார் வந்து எந்த ஓலையைக் கேட்டாலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். முதல் ஆளாகப் பூசணிக்காய்க்காரி வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் பாட்டி காலத்தில் பூசணி எத்தனை பெரிசு என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.