புழுக்கைகள் பேசிய பேரம்

ஓர் ஊரில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் யாருக்கும் அடங்காத ஒரு விளக்குமாறு இருந்தது.

மலைக்காட்டுப் புல்லாகப் பிறந்து, லாரியில் மூட்டையோடு மூட்டையாக மிதிபட்டு, சந்தை வெயிலில் காய்ந்து, ஒரு பிளாஸ்டிக் பிடியை மாட்டிக்கொண்டு தானாகவே முன்னுக்கு வந்த விளக்குமாறு அது. கடை வாசலில் தலைகீழாகத் தொங்கிய காலத்தில் ஊர்ப்பட்ட பேரத்தைக் கேட்டுக் கேட்டு அந்த வித்தை அதற்கு அத்துப்படி. கோபமும் அப்படித்தான். பாதி வேலையில் யாராவது அதைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போன் பேசப் போனால் தீர்ந்தது. அவர்கள் திரும்பி வரும்போது வேண்டுமென்றே சரிந்து விழுந்து காலைத் தட்டிவிடும்.

வீட்டுக்காரி பூமயில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். வீட்டுக்காரன் காத்தமுத்து மூன்று வேளையும் கடையில் தின்றுவிட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டான். உள்ளறைக் கதவைத் திறக்கவே இல்லை. ஆளில்லாத அறை என்றால் எலிகளுக்குச் சொல்லவா வேண்டும்? கல்யாணம், காட்சி, வளைகாப்பு எல்லாம் அங்கேயே நடந்தன. மூட்டையிலிருந்த அரிசி காலியானதும் கூட்டத்தோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

அன்று வெள்ளிக்கிழமை. பூமயில் பிள்ளையோடு வருகிறாள். ராகு காலம் பிறப்பதற்குள் பிள்ளை வாசல்படி தாண்டியாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். காத்தமுத்து அவசர அவசரமாக உள்ளறையைத் திறந்து, விட்டத்துக் கொக்கியில் சேலையால் தொட்டில் கட்டினான். கட்டி முடித்துக் கீழே பார்த்தவனுக்குப் பகீரென்றது. கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால், சுவரோரம் பூராவும் எலிப் புழுக்கை. கறுப்பு அரிசியை வாரி இறைத்த மாதிரி.

"நாசமாப் போச்சு. சரி, ஒரு பெருக்குப் பெருக்குனா முடிஞ்சுது" என்றான். நாற்றம் போகட்டும் என்று ஃபேனைப் போட்டான். விளக்குமாற்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டு, முறத்தைத் தேடிக் கொல்லைப்பக்கம் போனான்.

"இந்தாப் பாரு, மறுபடியும் சாத்திட்டுப் போறான்" என்று விளக்குமாறு பொருமியது.

கதவிடுக்கில் தொங்கிய பழைய லுங்கித் துணி எட்டிப் பார்த்தது. "அண்ணே, இது வறட்டுல தொடுற சமாச்சாரம் இல்ல. முதல்ல நானும் அலமாரியில இருக்கிற பிளீச்சிங் பவுடரும் இறங்குறோம். நீங்க கடைசியில வாங்க."

விளக்குமாற்றுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டா, நேத்து வரைக்கும் அவன் இடுப்புல கிடந்த பய நீ. கிழிஞ்சதும் மூலைக்கு வந்துட்டு எனக்கு வரிசை சொல்றியா? இந்த வீட்டுல எந்தக் குப்பையா இருந்தாலும் முதல் கை என் கை!"

லுங்கித் துணி கதவிடுக்குக்குள் சுருண்டுகொண்டது.

அப்போது கீழேயிருந்து ஒரு பெரிய புழுக்கை கனைத்தது. "அப்படிப் போடுங்கண்ணே! வீட்டுக்கு மூத்தவர் நீங்க இருக்க, ஈரத்துணிக்கெல்லாம் எதுக்கு இடம்? ஒரே வீச்சு வீசுங்க. நாங்க சத்தம் போடாம கிளம்பிடுறோம்."

விளக்குமாற்றுக்கு உச்சி குளிர்ந்தது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை, பேரத்தில் இறங்கியது.

"கட்டிலுக்கு அடியில ஒளியக் கூடாது."

"ஒளியவே மாட்டோம்."

"பெட்டிச் சந்துல ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கக் கூடாது."

"தொட்டதும் வந்துடுவோம்ணே."

"முறத்துல ஏத்துறப்போ ஒருத்தன் கூட உருண்டு ஓடக் கூடாது."

"நீங்க சொன்னா சரி."

விளக்குமாறு சட்டென்று நின்றது. சந்தையில் அது எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது. கேட்டதற்கெல்லாம் மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறவனை மட்டும் அது நம்பியதே இல்லை. விட்டுக்கொடுப்பது போலக் காட்டிக்கொண்டு அவன் வேறெங்கோ அள்ளப்போகிறான் என்று அதற்குத் தெரியும்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றது மெதுவாக. "கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கை தண்ணி தெளிச்சுக்கலாமா?"

அறை முழுக்கச் சலசலத்தது. "தண்ணியா? அது மட்டும் வேண்டாம்ணே! எதுக்குண்ணே வீண் சிரமம்?"

"எல்லாத்துக்கும் சரின்னீங்க. தண்ணின்னதும் ஏன்டா பதறுறீங்க?"

பெரிய புழுக்கை சமாளிக்க வாயெடுப்பதற்குள், ஓரத்தில் கிடந்த ஒரு பொடிப் புழுக்கை அவசரப்பட்டு உளறிவிட்டது. "நனைஞ்சுட்டா எப்படிண்ணே பறக்குறது? நீங்க அடிக்கிற அடியில நாங்க தூளாகி, ஃபேன் காத்துல ஏறி, அந்தத் தொட்டில் வரைக்கும் போகணும்ல? எங்ககிட்ட இருக்கிற கிருமியெல்லாம் பிள்ளை மூச்சுல ஏறணும்ல?"

"வாயை மூடுடா!" என்று பெரியது அதட்டியது. அதட்டி என்ன பிரயோஜனம்?

விளக்குமாறு தொட்டிலைப் பார்த்தது. பூமயிலின் பழைய மஞ்சள் சேலை, காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதற்குள் ஒரு கைப்பிடி உயிர் வந்து படுக்கும். அது இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் இந்த அறையின் காற்றைத்தான் இழுக்கும்.

"அடப்பாவிகளா! என் கையாலேயே அந்தப் பிஞ்சு நெஞ்சுல மண்ணள்ளிப் போடப் பார்த்தீங்களே! உங்களை…" என்று பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. அடித்தால் பறக்கும். அவை கேட்டதும் அந்த அடியைத்தானே?

அதற்குள் காத்தமுத்து முறத்தோடு ஓடிவந்தான். "நேரம் ஆச்சே, நேரம் ஆச்சே" என்று விளக்குமாற்றைத் தூக்கி ஓங்கினான். ஃபேன் சுழன்றது. புழுக்கைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

விளக்குமாறு பிறந்ததிலிருந்து ஒரு வீச்சைத் தவறவிட்டதில்லை. அந்தப் பெருமை ஒன்றுதான் அது சம்பாதித்த சொத்து. அதை அப்போது விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடியிலிருந்து தன்னை உருவிக்கொண்டது. கட்டு அவிழ்ந்து, புல் எல்லாம் வாசல் பக்கம் பொலபொலவென்று கொட்டியது. காத்தமுத்துவின் கையில் வெறும் பிளாஸ்டிக் பிடி நின்றது.

"அட, வெளக்கமாத்துப் பயவுள்ள வெளக்கமாறே!" என்று கத்தினான். திட்டுவதற்கு வேறு வார்த்தை அகப்படவில்லை. புல்லைக் கூட்டித் திணித்துப் பார்த்தான், மறுபடி உருவிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பூமயிலுக்குப் போன் போட்டான்.

"ஏம்மா, புது வெளக்கமாறு ஏதும் எடுத்து வச்சிருக்கியா? உள்ளறை பூரா எலிப் புழுக்கையாக் கிடக்கு."

"என்னது? ஏங்க, பெருக்கிட்டீங்களா?"

"எங்க பெருக்க? இது கழண்டு கையோட வந்துருச்சு."

"நல்லதாப் போச்சு! வறட்டுல பெருக்காதீங்க. ஆஸ்பத்திரியில நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, காஞ்ச எலி அசிங்கம் தூசியாக் கிளம்புனா மூச்சுக்கு ஆகாதுன்னு. ஃபேன் ஓடுதா?"

"நாத்தம் போகட்டும்னு…"

"நிறுத்துங்க முதல்ல! ஜன்னலைத் திறந்து விட்டுட்டுக் கொஞ்ச நேரம் வெளியில வந்து நில்லுங்க. அப்புறமா மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு, கையில கவரை மாட்டிக்கிட்டு, பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு நல்லா நனைங்க. ஊற விடுங்க. ஊறினதும் பழைய துணியால வழிச்சு, துணியோட கவர்ல கட்டிப் போடுங்க. தொட்டில் சேலையும் மாத்துங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"அதுக்குள்ள ராகு காலம் வந்துருமே?"

"வரட்டும், வந்துட்டுப் போகட்டும். எம்புள்ள மூச்சைவிட நல்ல நேரம் எதுங்க? பிளீச்சிங் வாடை போனதும் சொல்லுங்க. சாயங்காலம் வாறோம்."

ஃபேன் நின்றது. ஜன்னல் திறந்தது. சற்று நேரம் கழித்து, பிளீச்சிங் பவுடர் வாளித் தண்ணீரில் கரைந்து இறங்கியது.

"அண்ணே, ஒரே ஒரு வீச்சு!" என்று பெரிய புழுக்கை கடைசியாகக் கெஞ்சியது.

"கடை சாத்தியாச்சு, போடா!" என்றது தரையில் கிடந்த விளக்குமாறு.

நனைந்த புழுக்கைகள் இருந்த இடத்திலேயே ஊறின. ஒன்றும் பறக்கவில்லை. லுங்கித் துணி அலட்டிக்கொள்ளாமல் வழித்து எடுத்தது. அவற்றோடு தானும் கவருக்குள் போவதற்கு முன், ஒரு முறை திரும்பிப் பார்த்தது.

"முதல் கை உங்க கைதான்ணே" என்றது.

"போடா, போக்கிரி" என்றது விளக்குமாறு.

சாயங்காலம் பூமயில் வந்தாள். ஆரத்தி சுற்றினார்கள். பிள்ளையை வேறொரு சேலையில் கட்டிய தொட்டிலில் போட்டார்கள். அது கையைக் காலை உதைத்து, கொட்டாவி விட்டு, அப்படியே தூங்கிப்போனது.

காத்தமுத்து சிதறிக் கிடந்த புல்லைக் காலால் ஒதுக்கினான். "சனியன் புடிச்ச வெளக்கமாறு. அவசரத்துக்கு உதவாம காலை வாரிருச்சு பாரு. நாளைக்குக் காலையில முதல் வேலையா இதை வெளியில வீசணும்."

முன்பென்றால் விளக்குமாறு அந்தக் காலை அங்கேயே தட்டி விட்டிருக்கும். இப்போது அது கேட்டுக்கொண்டிருந்தது, தொட்டிலுக்குள் பிள்ளை மூச்சு விடுகிற சத்தத்தை. காத்தமுத்து சொன்னது ஒன்றுமே அதன் காதில் விழவில்லை.