முடி சிக்காத சீப்பு

எல்பே நதிக்கரைக் காடுகளில் ஜெர்மானியக் குடிகள் வாழ்ந்த பழைய காலம். செத்தவர்களை எரித்து, எலும்பைப் பொறுக்கிக் கழுவி, பானையில் இட்டுப் புதைப்பார்கள். செத்தவர் புழங்கிய பொருளும் கூடப் போகும். வாளென்றால் வளைத்துப் போடுவார்கள். சீப்பென்றால் உடைத்து.

இந்த வேலைக்கென்று கிசல்தா என்றொருத்தி காட்டோரம் தனியே இருந்தாள். சாவு விழுந்தால் ஊர் அவளைத் தேடி ஓடும். மற்ற நாளில் எதிரே வந்தால்கூட ஒதுங்கிப் போகும். அவளுக்கு ஒரே சீடன், ஒட்கர். படகோட்டியாக இருந்து, தாடி நரைத்த பிறகு தொழில் கற்க வந்தவன். மூன்று வருஷத்தில் எத்தனையோ வாள்களை வளைத்துவிட்டான், கை நடுங்கியதே இல்லை. அடுத்த வீட்டுச் சாவுக்கு யாருக்குத்தான் நடுங்கும்?

இலையுதிர் காலத்தில் அவன் மனைவி அவிலா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகுட்டி கிடையாது. அவனே எரித்தான், அவனே எலும்பைக் கழுவினான். பானையைத் தூக்கிக்கொண்டு குழிக்கு வந்தான்.

கிசல்தா பானைக்குள் கைவிட்டு, உடைந்த சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மான்கொம்புச் சீப்பு. பல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு முடிகூடச் சிக்கியிருக்கவில்லை.

"யாரோட சீப்பு இது?"

"அவளோடதுதான், தாயே."

"முப்பது வருஷம் தலைவாரின சீப்பா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மடியிலிருந்து இன்னொரு சீப்பை எடுத்தான். எண்ணெயேறிப் பழுத்த சீப்பு. பல்லிடுக்கில் இரண்டு நரைமுடி.

"அது நான் முந்தாநாள் செதுக்கினது. இதை உடைக்க மனசு வரலை. வீட்டுல வேற யாரு இருக்கா? இதை எதிர்ல வெச்சுக்கிட்டுத்தான் பேசிட்டிருக்கேன்."

கிசல்தா திட்டவில்லை. புதுச் சீப்பின் துண்டுகளைக் குழிக்கு வெளியே போட்டாள்.

"எதுக்கு உடைக்கிறோம்னு ஊர்க்காரங்க கேட்டா என்ன சொல்லுவே?"

"இங்கே உடைஞ்சது அங்கே முழுசாப் போய்ச் சேரும்னு சொல்லுவேன்."

"இங்கேயே முழுசா இருந்துட்டா?"

அவிலா கலைந்த தலையோடு வாசலைத் தாண்டாதவள். அவள் முன்பின் தெரியாத இடத்தில், சீப்பில்லாமல், தலைவிரிகோலமாக நிற்பதை ஒட்கர் நினைத்துப் பார்த்தான். சீப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தான். சுள்ளி மாதிரிச் சட்டென்று ஒடிந்தது. நரைமுடியோடு சேர்த்துப் பானையில் போட்டான்.

பானையை இறக்கி மண் தள்ளினார்கள். மேலே புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி மூடினார்கள். பனி தூற ஆரம்பித்தது. கிசல்தா கிளம்பினாள். ஒட்கர் நின்ற இடத்திலேயே நின்றான்.

"தாயே, ஒண்ணு கேட்கணும்."

"கேளு."

அவன் அவளைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "சீப்பு உடைஞ்சு அவகிட்டப் போயிடுச்சு. நானும் உடைஞ்சுதான் கிடக்கேன். எனக்கு இங்கே இனி என்ன இருக்கு?"

கிசல்தா திரும்பி வந்தாள். முக்காட்டை விலக்கி, கொண்டையில் செருகியிருந்த சீப்பை உருவினாள். நாலு பல் போன பழைய எலும்புச் சீப்பு. அதை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினாள்.

"என் நாள் வரும்போது இதை உடைக்க, இந்தக் கரையில எனக்கு வேற யாரு இருக்கா?"