நாற்பத்தொரு வரைபடங்கள்

கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், எஸ்தர் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அவளிடம் தொழில் பழகிய பூவலிங்கத்துக்கு ஐம்பத்திரண்டு.

பூவலிங்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மெஷின்களைப் பராமரிக்கும் ஃபிட்டராக இருந்தவர். அந்த ஊரில் அதைத் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். ஆபீசை மூடியதும் எஸ்தரிடம் வந்து நின்றார்.

"இந்த வயசுல இது படியுமா மேடம்?"

"ஸ்க்ரூ டிரைவர் பிடிச்ச கைதானே. நாளைக்கே வாங்க அண்ணாச்சி."

வந்தார். எட்டாவது மாதம், தவமணி டீச்சரின் கம்ப்யூட்டரை எஸ்தர் அவர் பொறுப்பில் விட்டாள். அவர் தனியாகப் பார்த்த முதல் வேலை அது.

தவமணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். அவள் தட்டுவதையெல்லாம் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் ஆறு வருஷமாக ஒரு வேலை செய்துவந்தாள். புவியியல் புத்தகத்தின் வரைபடங்களைச் சொற்களாக மாற்றுவது. வைகை எங்கே திரும்புகிறது, மலை எந்தப் பக்கம் சரிகிறது, கடற்கரை எங்கே உள்வாங்குகிறது என்று கண் இல்லாத பிள்ளைக்கும் விளங்கும்படி எழுதுவது. மொத்தம் நாற்பத்தொரு வரைபடங்கள், ஒவ்வொன்றும் ஒரு பாடம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் நாற்பது நாள் இருந்தது.

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுபோனது.

பூவலிங்கம் முதல் தடவை போய் மெமரியை மாற்றினார். இரண்டு நாளில் மறுபடியும் நின்றது. இரண்டாம் தடவை பவர் சப்ளையை மாற்றினார். அதற்கும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை பெட்டியைக் கடைக்கே தூக்கிவந்து, தூசி ஊதி, ஃபேனைக் கழற்றி எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பாட்டு ஓடவிட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. சந்தோஷமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை தவமணியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, பழையபடி நின்னுபோச்சு."

பூவலிங்கத்துக்கு முகம் கறுத்துவிட்டது. எஸ்தரிடம் போய்ச் சொன்னார்.

"எல்லாம் மாத்திப் பார்த்தாச்சு மேடம். இனி ஒரே வழிதான். மொத்தத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டுருதேன்."

"அது என்னத்துக்கு நிக்குது?"

"அதான் தெரியலையே."

எஸ்தர் செருப்பை மாட்டினாள்.

"வாங்க, நானும் வாரேன்."

தவமணியின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம். கதவு திறந்தே இருந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்டதும், "ரெண்டு பேரு வந்திருக்கீங்க" என்றாள்.

"நான் எஸ்தர், அக்கா. மெஷினைப் பார்க்க வந்தோம்."

பூவலிங்கம் பையைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மேசைக்குக் கீழே குனிந்து சுவிட்சில் கை வைத்தார்.

"அணைக்காதீங்க அண்ணாச்சி" என்றாள் எஸ்தர்.

"அணைக்காமத் திறக்கக் கூடாதே மேடம். தீப்பெட்டி ஆபீசில அதுதான் முதல் பாடம். அதை மறந்தவனுக்கு விரல் போயிரும்."

"யாரு திறக்கச் சொன்னா?"

அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பைக்குள் போட்டாள். பையைத் தன் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"அக்கா, நீங்க தினமும் செய்யற வேலையைச் செய்யுங்க. நாங்க இருக்கோம்னு நெனைக்காதீங்க."

தவமணி தட்டத் தொடங்கினாள். கம்ப்யூட்டர் ஒரே தாளத்தில் படித்தது. காவிரி வந்தது. பாலாறு வந்தது. பூவலிங்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. முழங்காலில் விரலால் தாளம் போட்டார். எஸ்தர் அந்த விரலைப் பார்த்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் போனது. தவமணி இன்னொரு பாடத்தைத் திறந்தாள்.

"பொதிகை மலையில் உற்பத்தியாகும் தாமிர" என்றது கம்ப்யூட்டர். அதோடு நின்றது.

பூவலிங்கம் எழுந்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்தார். எழுத்துகள் அப்படியே இருந்தன. மௌஸை அசைத்தார். அம்பு அசையவில்லை.

"உட்காருங்க அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். பிறகு தவமணியிடம் கேட்டாள். "இப்ப என்ன ஆச்சு அக்கா?"

"நின்னுபோச்சு."

"அதுக்கு முந்தி?"

"முந்தி எப்பவும் போலத்தான். உள்ளே மூணு தடவை சத்தம் வந்துச்சு. நகத்தால தகரத்தைச் சுண்டின மாதிரி. அப்புறம் ஒரு இழுப்பு, மூச்சு வாங்குற மாதிரி. அப்புறம் குரல் நிக்கும்."

"எந்தப் பக்கம் சத்தம்?"

தவமணி குனிந்து பெட்டியின் முன்பக்கம், அடியில், கையை வைத்தாள். "இந்த இடம்."

பூவலிங்கம் பார்த்தார். பாடங்களெல்லாம் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் அந்த இடத்தில்தான் இருந்தது.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா?"

"எல்லாத் தடவையும். சில பாடத்தைத் திறந்தா மட்டும் வரும். தாமிரபரணி, அப்புறம் ராமநாதபுரம் கரை. மத்ததுக்கு வராது."

"இதை அண்ணாச்சிகிட்ட சொல்லலையா?"

"சத்தம் வருதுன்னு முதல் நாளே சொன்னேன். ஃபேன் சத்தம்மா அது, சரி பண்ணிருதேன்னாங்க. தெரிஞ்சவங்க சொல்லும்போது நான் என்ன சொல்ல?"

பூவலிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற நகல் இருக்கா அக்கா?"

"போன வருஷம் எடுத்தது ஒண்ணு இருக்கு. அதுல பதினெட்டுப் பாடம்தான்."

எஸ்தர் எழுந்தாள். பையை எடுத்துப் பூவலிங்கத்திடம் நீட்டினாள்.

"இப்ப அணைங்க. டிஸ்கை மட்டும் கழத்துங்க. இனி இந்தப் பெட்டியில அதை ஓடவிட வேண்டாம்."

பூவலிங்கம் நான்கு திருகாணியைக் கழற்றினார். இன்றைக்கு அவர் மட்டும் தனியாக வந்திருந்தால், இந்நேரம் அந்த டிஸ்கை முழுவதுமாக அழித்திருப்பார். ஒரு துண்டில் சுற்றி அதை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் திரும்பினார்.

வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடையில ரெண்டு நாள் ஓடுச்சே மேடம்?"

"நீங்க அதைப் பாட்டுப் பாடச் சொன்னீங்க. அதுக்கு நோவு பாடம் இருக்கற இடத்துலல்ல இருந்துச்சு."

கடையில் டிஸ்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஒவ்வொரு பாடமாக நகல் எடுத்தார்கள். சில பாடங்கள் உடனே வந்தன. சிலவற்றுக்கு அரை மணி, ஒரு மணி ஆயிற்று. பூவலிங்கம் இடத்தை விட்டு எழவில்லை. எஸ்தர் டீ வாங்கி வைத்தாள். ஆறிப்போனது. உள்ளேயிருந்து அந்தச் சுண்டும் சத்தம் வரும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் டிஸ்க் முழுவதுமாக ஓய்ந்தது. அதற்குள் முப்பத்தெட்டுப் பாடங்கள் வந்திருந்தன. தாமிரபரணி கடைசியாக வந்தது. மூன்று வரவில்லை. பழைய நகலிலும் அந்த மூன்றும் இல்லை.

புது டிஸ்கைப் போட்டுப் பெட்டியைக் கொண்டுபோனது பூவலிங்கம்தான். எஸ்தர் வரவில்லை.

"முப்பத்தெட்டு இருக்கு டீச்சர்" என்றார். "மூணு போயிருச்சு. முதல் நாளே நீங்க சொன்னதைக் கேட்டிருந்தா அதுவும் வந்திருக்கும். தப்பு என் மேல."

தவமணி அவர் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"எந்த மூணு?"

சொன்னார். ராமநாதபுரம் கரை அதில் ஒன்று.

"அது ஒண்ணுக்கே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. எங்க அண்ணன் மக லீவுக்கு வந்திருந்தா, அவதான் படத்தைப் பார்த்துச் சொன்னா. இப்ப அவ கல்யாணமாகிப் போயிட்டா." நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்களுக்கு ஞாயித்துக்கிழமை வேலை உண்டா?"

அடுத்த மூன்று ஞாயிறும் பூவலிங்கம் அட்லாஸோடு போனார்.

"கரை எப்படி இருக்கு?"

"வளைஞ்சிருக்கு டீச்சர்."

"எந்தப் பக்கமா?"

"உள்பக்கமா."

"எங்கிருந்து எதுவரைக்கும்? ஒரேயடியா வளையுதா, நின்னு நின்னு வளையுதா?"

பதில் சொல்ல வாயெடுத்தவர், மறுபடியும் படத்தைப் பார்த்தார். விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். அந்த ஒரு கரைக்கு முழு ஞாயிறும் போனது. மூன்றாம் ஞாயிறு மாலை மூன்று பாடமும் முடிந்தன. பரீட்சைக்கு அப்போது பதினைந்து நாள் இருந்தது. நாற்பத்தொரு பாடமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

திங்கட்கிழமை பூவலிங்கம் கடைக்கு வந்தபோது, யாரோ ஒருவர் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் மேசைமேல் இருந்தது. அதுவும் அடிக்கடி நின்றுபோகிறதாம். கொண்டுவந்தவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பூவலிங்கம் பக்கத்தில் போய் நின்றார். பையைத் திறக்கவில்லை.

"மேடம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"மெஷின் நிக்குதுன்னு ஒருத்தர் வந்தா, முதல்ல எதைப் பாக்கணும்?"

எஸ்தர் ஒரு சின்ன பிரஷ்ஷால் கீபோர்டு கட்டைகளுக்கு நடுவே தூசி தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"முதல்ல பாக்காதீங்க" என்றாள். பூவலிங்கம் போய்ப் பெஞ்சில், வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.